பினாங்குப் பாறைகளில் கிராலர்: சர்வோவைக் காக்கும் பாகங்கள் பற்றி

கிராலர், அதாவது பாறை ஏறும் ரிமோட் கார், வாங்கியவர்கள் முதலில் டயரை மாற்றுவார்கள், அப்புறம் மோட்டாருக்குப் போவார்கள். என்னைக் கேட்டால் முதல் காசு ஸ்டீரிங் சர்வோவை, அதாவது முன் சக்கரங்களைத் திருப்பும் குட்டி மோட்டார் பெட்டியை, சுற்றியுள்ள பாகங்களுக்குத்தான் போக வேண்டும். சர்வோவை மட்டும் பெரிதாக்கிவிட்டு, அதைத் தாங்கும் தட்டையும் அதன் தலையில் உட்காரும் ஹார்ன் என்ற சின்னக் கரத்தையும் பழையபடியே விட்டால், புது சர்வோவும் பழையது போன வழியிலேயே போய்ச் சேரும்.

என் வண்டி டிராக்சாஸ் டிஆர்எக்ஸ்-4. 2017இல் வெளிவந்த 1/10 அளவு மாடல். சக்கர மையத்தைவிட உயரத்தில் நிற்கும் போர்ட்டல் அச்சு; இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல், அதை ரிமோட்டிலிருந்தே பூட்டித் திறக்கலாம். ஸ்டீரிங் சர்வோவை வேறு கம்பெனி சர்வோவாக மாற்றி, அதைச் சுற்றியுள்ள பாகங்களையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பல மழைக்காலம் ஓட்டிவிட்டேன். ஓட்டுவது பெரும்பாலும் தண்ணீர்மலைப் பக்கம், இல்லாவிட்டால் தெலுக் பஹாங் பக்கத்து ஓடைப் பாறைகள்.

இடத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பினாங்குத் தீவு பெரும்பாலும் கருங்கல். வெயிலிலும் மழையிலும் மேல்தோல் உதிர்ந்து சொரசொரவென்று நிற்கும் கல். டயர் அதில் அட்டை மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஏறுவதற்குச் சுகம்தான், ஆனால் சர்வோவுக்கு அதுவே தண்டனை. வழுவழுப்பான ஆற்றுக் கல்லில் டயர் நழுவி விட்டுக்கொடுத்துவிடும், சுமை பாதியிலேயே தீர்ந்துபோகும். இங்கே டயர் நழுவாது. அதனால் வழுக்குக் கல்லில் பல வருஷம் தாங்கிய அமைப்பு இங்கேயும் தாங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இரண்டு கல்லுக்கு நடுவில் முன் டயர் சிக்கியிருக்கும்போது ஸ்டீரிங்கைத் திருப்பினால் டயர் திரும்ப மறுக்கும். அந்த அழுத்தம் நக்கிள் (சக்கரத்தோடு திரும்பும் துண்டு), லிங்க் (அதை ஹார்னோடு இணைக்கும் கம்பி), ஹார்ன், ஸ்ப்லைன் (ஹார்ன் மாட்டும் பல் வெட்டிய தண்டு), கியர் என்று ஏறி, கடைசியில் சர்வோவுக்குள் இருக்கும் குட்டி மோட்டாரில் போய் நிற்கும். இந்த வரிசையில் எது மெலிந்ததோ அது உடையும். கணக்கும் லேசானதுதான். 25 கிலோ-சென்டிமீட்டர் முறுக்குவிசை தரும் சர்வோவில் 2 சென்டிமீட்டர் ஹார்ன் போட்டால், அதன் நுனியில் 12.5 கிலோ விசை. மூன்று கிலோ சொச்சம் எடையுள்ள வண்டிக்கு அது பெரிய விசை.

இங்கேதான் பலரும் விலை கொடுத்து வம்பை வாங்குகிறார்கள். பிளாஸ்டிக் ஹார்ன் உள்பற்கள் தேய்ந்து சுற்றினால் உடனே அலுமினிய ஹார்னுக்குத் தாவுகிறார்கள். ஆனால் அந்த பிளாஸ்டிக் ஹார்ன் உடைந்தது கியருக்குப் பதிலாகத்தான். சர்வோவுக்குள் பிளாஸ்டிக் கியரோ மெல்லிய பித்தளைக் கியரோ இருந்தால் ஹார்ன் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், மலிவான பாகம் போகட்டும். உள்ளே எஃகுக் கியர் இருந்தால் மட்டுமே அலுமினிய ஹார்ன். எங்களோடு ஓட்ட வரும் தம்பி ஒருவரின் சர்வோவைத் திறந்தபோது, சாம்பல் நிறக் கிரீஸுக்குள் பித்தளைத் துணுக்குகள் மின்னின. கடைசிக் கியரில் அடுத்தடுத்து மூன்று பல் இல்லை. ஹார்ன் மட்டும் கடையில் வாங்கியபடி புத்தம் புதுசாக இருந்தது.

“அப்போ சர்வோ சேவர் போட்டுடலாமாண்ணே?” என்று அவர் கேட்டார். வேகமாக ஓடிக் குதிக்கும் பக்கி வகை வண்டிக்கு ஸ்பிரிங் வைத்த சர்வோ சேவர் அருமையான பொருள். திடீர் இடியை அது வாங்கிக்கொள்ளும். கிராலரில் இடி குறைவு, அழுத்திப் பிடிக்கும் சுமைதான் அதிகம். டயர் சிக்கினால் ஸ்பிரிங் மட்டும் மடங்கும். சர்வோவின் சென்சார் தன் தண்டைத்தான் பார்க்கிறது, அதற்கு வேலை முடிந்த கணக்கு. டயரோ அசைந்திருக்காது. பாறை விளிம்பில் டயரை விரல்கடை அளவு நகர்த்தி வைக்க வேண்டிய நேரத்தில் இந்தத் தொளதொளப்பு வண்டியைக் கவிழ்த்துவிடும். ஆகவே கிராலருக்கு சேவர் வேண்டாம் என்பது என் முடிவு.

நான் வைத்திருப்பது பக்கவாட்டில் பிளவு விட்டு ஸ்க்ரூவால் இறுக்கும் கிளாம்ப் வகை அலுமினிய ஹார்ன். நடு ஸ்க்ரூவை மட்டும் நம்பும் ஹார்ன்கள் கொஞ்ச நாளில் ஸ்ப்லைனில் ஆட ஆரம்பிக்கும். கிளாம்ப் வகை ஆடவில்லை. வாங்கும்போது பல் எண்ணிக்கையைப் பாருங்கள். ஃபுடாபா வகை 25 பல், ஹைடெக்கின் பல மாடல்களில் 24, சான்வா வகை 23. ஒன்றுக்கு மற்றதை அழுத்தினால் நுழைவது போலவே இருக்கும், ஆனால் ஸ்ப்லைன் பாழாகிவிடும். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்க நீல நிற லாக்டைட் பசை ஒரு சொட்டு போதும். அது வழிந்து சர்வோவின் பிளாஸ்டிக் கூட்டில் படக்கூடாது, பிளாஸ்டிக்கில் விரிசல் விட வைக்கும்.

எல்லாவற்றையும் விட எனக்குப் பலன் தந்தது சர்வோவைத் தாங்கும் தட்டு, அதாவது சர்வோ மவுண்ட். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பிளாஸ்டிக் மவுண்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டமாக இருக்க வேண்டிய ஸ்க்ரூ ஓட்டைகள் முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தன. ஒவ்வொரு முறை ஸ்டீரிங் திருப்பும்போதும் சர்வோவே பக்கவாட்டில் அசைந்திருக்கிறது. டயருக்குப் போக வேண்டிய விசையில் ஒரு பங்கு இப்படி வீணாகிறது, சர்வோவில் ஸ்க்ரூ மாட்டும் காதுகளும் மெல்ல விரிசல் விடுகின்றன. அலுமினிய மவுண்ட் போட்ட அன்றே ஸ்டீரிங் வேறு மாதிரி ஆகிவிட்டது. இன்றுவரை ஓட்டைகள் வட்டமாகவே இருக்கின்றன.

ஆக்ஸியல் கம்பெனியின் ரெய்த் போல அச்சின் மேலேயே சர்வோ அமரும் வண்டி என்றால் கதை வேறு. அங்கே சர்வோவின் உடம்பே கல்லில் மோதும். முதலில் வாங்க வேண்டியது கல் படும் பக்கத்தை மூடும் காப்புத் தட்டு. டிஆர்எக்ஸ்-4இல் சர்வோ மேலே சேஸிஸ் சட்டத்தில் இருப்பதால் எனக்கு அது தேவைப்படவில்லை.

காசே செலவில்லாத பாதுகாப்பும் இரண்டு உண்டு. ஒன்று, ரிமோட்டில் எண்ட் பாயிண்ட், அதாவது சர்வோ எவ்வளவு தூரம் திரும்பலாம் என்ற எல்லை. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, ஸ்டீரிங்கை முழுக்கத் திருப்பி, காதைக் கிட்டே கொண்டுபோங்கள். நக்கிள் அதன் எல்லையில் முட்டிய பிறகும் சர்வோ ‘ஙொய்’ என்று முனகினால், அது சுவரைத் தள்ளிக்கொண்டு சூடாகிக்கொண்டிருக்கிறது. முனகல் நிற்கும்வரை எண்ட் பாயிண்டைக் குறையுங்கள். இரண்டாவது, முன் டிஃபரென்ஷியல் பூட்டு. பூட்டியிருக்கும்போது இரண்டு முன் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் வண்டி திரும்ப முரண்டு பிடிக்கும், அந்த முரண்டும் சர்வோ தலையில்தான் விழும். ஏறும்போது மட்டும் பூட்டி, திரும்பும்போது திறந்துவிடுகிறேன்.

மின்சாரம் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய சர்வோ முட்டி நிற்கும்போது ஆம்பியரை விழுங்கும். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சிக்குள், ரிசீவருக்கும் சர்வோவுக்கும் பேட்டரி வோல்டேஜைக் குறைத்துத் தரும் பிஇசி இருக்கிறது; அதனால் அதைக் கொடுக்க முடியாவிட்டால் வோல்டேஜ் சரிந்து ரிசீவர் ஒரு கணம் செத்துப் பிழைக்கும், அதுவும் பாதி ஏற்றத்தில். ஸ்டீரிங் சர்வோவுக்கு 7.4 வோல்ட் தரும் தனி பிஇசி வைத்தேன், அந்தத் தொல்லை போனது. ஆனால் அந்த 7.4 வோல்ட்டை ரிசீவருக்குள் விடாதீர்கள். டிஃபரென்ஷியலைப் பூட்டும் குட்டி சர்வோக்களும் அங்கிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன, அவற்றுக்கு அவ்வளவு வேண்டாம். பிஇசியின் பாசிட்டிவ் ஒயர் நேராக ஸ்டீரிங் சர்வோவுக்கு மட்டும். சிக்னல் ஒயர் ரிசீவரிலிருந்து, நெகட்டிவ் எல்லாவற்றுக்கும் பொது.

மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபரில் ஓடையில் தண்ணீர் ஏறிவிடும். சர்வோ தண்ணீர் புகாத ஐபி67 தரம்தான், இருந்தாலும் ஹார்னுக்கு அடியில் தண்டைச் சுற்றி மரைன் கிரீஸ் தடவி வைக்கிறேன். பத்து பெரிங்கி கடற்கரை மணலில் ஓட்டினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தே ஆக வேண்டும். உப்புத் தண்ணீர் பட்டால் அலுமினிய ஹார்னும் எஃகு ஸ்க்ரூவும் ஒன்றோடொன்று அரித்துப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த கிளாம்ப் ஸ்க்ரூவை ஆலன் கீ கொண்டு திருகினால் முதலில் மழுங்குவது ஸ்க்ரூவின் தலைதான்.