கடன் கொப்பியை மூடிவிட்டு லிப்ரே ஒஃபிஸைத் திறக்கலாமா?

புறக்கோட்டை மொத்தக் கடையிலிருந்து வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் இருக்கும் பலசரக்குக் கடை வரைக்கும், கணக்கு என்றால் இன்னும் பல இடங்களில் நீளக் கொப்பிதான். அதை விட்டு வெளியே வர நினைப்பவர்களிடம் உடனே தனி பில்லிங் மென்பொருளை விற்கப் பார்ப்பார்கள். கடையில் ஒரு கொம்பியூட்டர், எழுதுவது ஒருவரோ இருவரோ என்றால் அது தேவையில்லை. லிப்ரே ஒஃபிஸ் என்ற அலுவலக மென்பொருளில் உள்ள கல்க் என்ற கணக்கு ஷீட் போதும், அதுவும் இலவசம். வீட்டுக் கணக்கை மூன்று பேர் மூன்று போனில் எழுதுவதென்றால் கூகுள் ஷீட்ஸ் வசதி. மைக்ரோசொஃப்ட் எக்செலுக்குக் காசு கட்டுவது, உங்கள் கணக்காளர் மேக்ரோ (தானாக ஓடும் சின்னக் கட்டளைத் தொகுப்பு) வைத்த பைல்களை அனுப்பினால் மட்டும் நியாயம். அந்த மேக்ரோக்கள் கல்க்கில் பாதி ஓடும், பாதி ஓடாது.

லிப்ரே ஒஃபிஸ் 2010இல் ஓப்பன் ஒஃபிஸிலிருந்து பிரிந்து வந்தது. டொக்கியுமென்ட் ஃபவுண்டேஷன் என்ற இலாப நோக்கமற்ற அமைப்பு அதை வெளியிடுகிறது. இறக்கினால் சுமார் 350 எம்பி. கடை மூலையில் கிடக்கும் பழைய கொம்பியூட்டரில் விண்டோஸ் 7 அல்லது 8 இருந்தால் 25.8 பதிப்பு ஏறாது, 25.2 அல்லது அதற்கு முந்தியதைத்தான் போட வேண்டும். எக்செல் அடங்கிய மைக்ரோசொஃப்ட் 365 சந்தாவில் ஓடுவது. சந்தா முடிந்தால் பைலைத் திறந்து பார்க்கலாம், பிரின்ட் எடுக்கலாம், ஒரு வரிகூட எழுத முடியாது. கொம்பியூட்டரோடு "சும்மா" போட்டுத் தரும் திருட்டு ஒஃபிஸைப் பற்றி ஒன்றே ஒன்று: பூட்டை உடைக்கப் போடும் புரோகிராமுக்குள் வேறு என்ன இருக்கிறதென்று போட்டவருக்கும் தெரியாது. வங்கிக் கணக்கை ஒன்லைனில் பார்க்கும் அதே மெஷினில் அது வேண்டாம்.

போட்டதும் முதலில் மாற்ற வேண்டியது லொக்கேல், அதாவது திகதியையும் எண்ணையும் எந்த நாட்டு முறையில் எடுப்பது என்ற அமைப்பு. டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் என்று போனால் அது பெரும்பாலும் அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும். இங்கிலாந்து ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் நடப்பது இது: 05/04/2025 என்று ஏப்ரல் 5ஐ அடித்தால் அது மே 4 ஆகப் பதியும். 13/04/2025 என்று அடித்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதாவது ஒரே மாதத்தில் பாதித் திகதி பிழை, மீதி திகதியே இல்லை. கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிவதால் மாத முடிவில் கூட்டும்வரை யாருக்கும் விளங்காது. கூகுள் ஷீட்ஸிலும் இதே கதைதான், அங்கே ஃபைல், செட்டிங்ஸ் என்பதற்குள் மாற்ற வேண்டும். எழுதுவது வேறு வேறு ஆட்கள் என்றால் 2025-04-05 என்று வருடம் முதலாக அடிக்கப் பழக்குங்கள். கல்க் எந்த லொக்கேலிலும் அதைச் சரியாக எடுக்கும்.

மெனுவைத் தமிழிலும் வைக்கலாம். ஆனால் சந்தேகம் கேட்டால் சொல்லித் தரும் ஆளும் வீடியோவும் ஆங்கில மெனுவைத்தான் காட்டும், எனவே ஆங்கிலத்திலேயே விடுவது நல்லது.

இரண்டாவது, எண் மாதிரித் தெரியும் ஆனால் எண் அல்லாதவை. போன் இலக்கம் 077 என்று தொடங்கினால் முன்னால் உள்ள 0 போய்விடும். புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களை எக்செல் 1.99E+11 என்ற மாதிரிச் சுருக்கிக் காட்டும். 0இல் தொடங்கும் வங்கிக் கணக்கு இலக்கமும் குட்டையாகும். 16 இலக்க அட்டை எண் என்றால் இன்னும் மோசம்: எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் பிடிக்காது, கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், திரும்ப எடுக்க வழியில்லை. (அட்டை எண்ணை ஷீட்டில் எழுதவே கூடாது என்பது வேறு விடயம்.) அடிக்க முன்னமே அந்த நிரலைத் தெரிவுசெய்து ஃபோர்மட் செல்ஸில் டெக்ஸ்ட் ஆக்குங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன பூச்சியம் வராது.

நம்மூர்ப் பழக்கம் ஒன்றும் இங்கே காலை வாரும். விலையை 1,500/= என்று எழுதிப் பழகிய கை ஷீட்டிலும் அப்படியே அடிக்கும். அந்தச் செல், அதாவது அந்தக் கட்டம், எழுத்தாகிவிடும். கூட்டல் சூத்திரம் பிழை காட்டாது, பேசாமல் அதை விட்டுவிட்டு மிச்சத்தைக் கூட்டும். ரூபா அடையாளம் வேண்டுமென்றால் செல்லின் ஃபோர்மட்டில் போடுங்கள், அடிப்பது வெறும் 1500 மட்டும். எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் நிற்கும், இடப்பக்கம் ஒதுங்கி நிற்கும் தொகை எதுவோ அது கூட்டலில் சேரவில்லை.

இனிக் கடன் கணக்கு. கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் என்பதால் ஷீட்டிலும் ஆளுக்கொரு ஷீட் திறப்பார்கள், அல்லது மாதத்துக்கொன்று. இரண்டும் வேண்டாம். ஒரே நீளப் பட்டியல்: திகதி, பெயர், விவரம், கொடுத்தது, வந்தது. ஐந்து நிரல், வருடம் முழுக்க அதே ஷீட், தலைப்பு வரியை வியூ மெனுவில் ஃப்ரீஸ் செய்துவிடுங்கள். இன்னொரு ஷீட்டில் பெயர்ப்பட்டியல். ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஒரு சம்இஃப்ஸ் (பெயர் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் சூத்திரம்) கொடுத்ததைக் கூட்ட, இன்னொன்று வந்ததைக் கூட்ட, கழித்தால் நிலுவை. கூட்டலைப் பட்டியலின் அடியில் வைத்தால் புதிய வரி சேர்க்கும்போதெல்லாம் இடறும், அதனால் அது இரண்டாவது ஷீட்டிலேயே இருக்கட்டும். முழு நிரலையும் சூத்திரத்தில் கொடுங்கள், ஐந்நூறாம் வரியோடு நின்றுவிடாது.

இதில் கெடுவது பெயர்தான். ஒரு நாள் "ரவி கடை", மறுநாள் "ரவிகடை", இன்னொரு நாள் பின்னால் ஓர் இடைவெளி. ஷீட்டுக்கு அவர்கள் மூன்று பேர். டேட்டா மெனுவில் வலிடிட்டி என்பதைத் திறந்து, பெயர்ப்பட்டியலை செல் ரேஞ்சாகக் கொடுத்தால் தெரிவுசெய்ய மட்டும் முடியும், கண்டபடி அடிக்க முடியாது. சிங்களத்தில் எழுதும் பையனும் தமிழில் எழுதும் பையனும் ஒரே கடையில் என்றால் சாமானுக்குப் பெயரை விட்டு இலக்கக் குறியீடு வையுங்கள். அழகுக்காகச் செல்களை மேர்ஜ் செய்து ஒன்றாக்கவே வேண்டாம், வரிசைப்படுத்தும்போது எல்லாம் குழம்பும்.

கல்க் உண்மையில் தன் சம்பளத்தை உழைப்பது செக் விடயத்தில்தான். கொழும்பு மொத்த வியாபாரம் பின்திகதிச் செக்கில் ஓடுவது. கொடுத்த செக் எந்த நாளில் வங்கிக்கு வருமென்று கொப்பியைப் புரட்டிப் பார்ப்பதற்குள் ஒன்று திரும்பிவிடும். நிரல்கள்: செக் திகதி, செக் இலக்கம், வங்கி, யாருக்கு, தொகை, நிலை (செக் முடிந்ததும் எழுதுவது). இன்னொரு ஷீட்டில் அந்த வருடப் போயா நாள்களையும் மற்ற வங்கி விடுமுறைகளையும் எழுதிக்கொள்ளுங்கள், வருடா வருடம் மாற்ற வேண்டும். பிறகு வேர்க்டே என்ற ஃபங்ஷன். செக் திகதியில் ஒரு நாளைக் கழித்து, அங்கிருந்து ஒரு வேலைநாள் முன்னே போகச் சொல்லி, மூன்றாவது இடத்தில் விடுமுறைப் பட்டியலைக் கொடுங்கள். செக் திகதி வேலைநாளாக இருந்தால் அதே திகதி வரும். சனி, ஞாயிறு, போயா என்றால் அடுத்த வேலைநாள். கையில் வந்த செக்குக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு வேலைநாள் கொடுங்கள், ஏனென்றால் வங்கி நேரத்துக்குள் போட்ட செக்கின் காசு அடுத்த வேலைநாள்தான் கணக்கில் நிற்கும்.

அதன்மேல் கண்டிஷனல் ஃபோர்மட்டிங்: நிலை வெறுமையாகவும், அந்த நாளுக்கு மூன்று நாளோ அதற்குக் குறைவோ இருந்தால் வரி முழுக்கச் சிவப்பு. வரி முழுக்க நிறம் மாற, சூத்திரத்தில் நிரல் எழுத்துக்கு முன்னால் டொலர் குறி வேண்டும். அது இல்லாவிட்டால் செல்லுக்குச் செல் வேறு நிரலைப் பார்த்துக் கண்டபடி சிவக்கும்.

சம்பள ஷீட்டில் ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி வீதங்களைச் சூத்திரத்துக்குள் எழுதாமல் தனிச் செல்லில் வையுங்கள்: ஊழியரிடம் 8%, முதலாளி 12%, நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3%. மேலதிக நேரக் கொடுப்பனவு இந்தக் கணக்கில் சேராது, அதற்குத் தனி நிரல். அடிப்படை 50,000, மேலதிக நேரம் 6,000 என்றால் கழிவு 4,000, கையில் 52,000. சேமலாப நிதிக்கு அனுப்புவது 10,000, நம்பிக்கை நிதிக்கு 1,500. ஆக அந்த ஆளுக்குக் கடையின் செலவு 63,500. வீதச் செல்லை டொலர் குறி போட்டுக் கட்டாமல் சூத்திரத்தைக் கீழே இழுத்தால், இரண்டாவது ஆளுக்கு அதற்குக் கீழுள்ள வெற்றுச் செல்லைப் பெருக்கிக் கழிவு 0 என்று வரும். சம்பள பைலை கடவுச்சொல்லோடு சேமிப்பது சரி, ஆனால் மறந்தால் மறந்ததுதான். ஷீட் புரொடெக்ட் என்பது கை தவறுவதைத் தடுக்கும், களவைத் தடுக்காது.

வற் வரிக்குப் பதிந்த கடைகளுக்கு ஒரு எச்சரிக்கை. 2024 ஜனவரியிலிருந்து வீதம் 18%. வரி சேர்ந்த 11,800 ரூபாவிலிருந்து வரியைப் பிரிக்க 18ஆல் பெருக்கி 118ஆல் வகுக்க வேண்டும், 1,800 வரும். நேரே 18% எடுத்தால் 2,124 வரும், அது பிழை. சதத்தையும் கவனியுங்கள். வரி சேர்ந்த 1,000 ரூபாவில் வரி 152.5423 என்று நீளும், ஷீட் 152.54 என்று காட்டும். அப்படி மூன்று வரியைக் கூட்டினால் அடியில் 457.63, கல்குலேட்டரில் 457.62. ஒரு சதம்தான், ஆனால் பில்லைத் தட்டிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அது போதும். ஒவ்வொரு வரியிலும் ரவுண்ட் போட்டு இரண்டு தானத்தில் நிறுத்துங்கள்.

வீட்டுக்கு இவ்வளவு வேண்டாம். கூகுள் ஷீட்ஸில் ஒரு பட்டியல்: கரண்ட், தண்ணி, இன்டர்நெட் பில், வாடகை, வாகன வரிப்பத்திரம், காப்புறுதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, பக்கத்தில் கடைசித் திகதி, கட்டியாயிற்றா என்ற நிரல்கள். சீட்டுப் பிடிப்பவர்கள் ஆள், மாதம், கட்டிய தொகை, எடுத்த மாதம் என்று நான்கு நிரலில் முடிக்கலாம். எடிட்டர் உரிமை இருவருக்கு மட்டும், மற்றவர்களுக்கு வியூவர். யாராவது விரல் பட்டு அழித்தாலும் வேர்ஷன் ஹிஸ்டரியில் பழையதை மீட்கலாம். இந்த ஒரு விடயத்தில் கல்க் கூகுளுக்குக் கிட்டவும் வராது.

பழைய விலைப்பட்டியல் பாமினி எழுத்துருவில் இருந்தால், கணக்குக்குள் கொண்டுவர முன் கட்டாயம் யூனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினியில் ஷீட்டுக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், தமிழ் வெறும் தோற்றம். சின்ன எழுத்து ம என்றால் அதே சாவியின் பெரிய எழுத்து மு. எக்செலின் சம்இஃப்ஸ் சின்ன எழுத்து, பெரிய எழுத்து பார்ப்பதில்லை. ஆகவே மட்டையும் முட்டையும் அதற்கு ஒரே சாமான், இரண்டையும் சேர்த்துக் கூட்டித் தரும். யூனிகோடுக்கு மாற்றிய பிறகு லிப்ரே ஒஃபிஸில் எழுத்துரு மாற மறுத்தால், கேரக்டர் பெட்டியில் தமிழுக்கென்று உள்ள சிடிஎல் பகுதியில் நிர்மலாவையோ நோட்டோ சான்ஸ் தமிழையோ தெரிவுசெய்ய வேண்டும், மேலே உள்ள ஆங்கிலப் பகுதியில் அல்ல.

கரண்ட் வெட்டு நமக்குப் புதிதல்ல. 2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள், 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறையில் ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியதாக அமைச்சரே சொன்னார். கரண்ட் போனால் மீட்பதற்காகக் கல்க் தானாகச் சேமிக்கும் ஓட்டோ ரிகவரி 10 நிமிடத்துக்கு ஒருமுறைதான், ஒப்ஷன்ஸில் லோட் சேவ் பகுதிக்குப் போய் 3 ஆக்குங்கள். அதே இடத்தில் எப்போதும் பெக்கப் பிரதி எடுக்கும் பெட்டியையும் தட்டிவிடுங்கள். கிழமைக்கு ஒருமுறை திகதியைப் பெயரில் போட்டு பென் டிரைவில் ஒரு பிரதி, அது கடையில் இல்லாமல் வீட்டில்.

கணக்காளருக்கு அனுப்பும்போது எக்செல் வடிவில் சேமியுங்கள், அனுப்ப முன் அதை ஒருமுறை மூடித் திறந்து நிறங்களும் தெரிவுப் பட்டியலும் நிற்கின்றனவா என்று பாருங்கள். பில்லும் நிலுவைக் கடிதமும் என்றால் நேரே பிடிஎஃப். பெயரைத் தேடி அதற்கு நேரே உள்ள தொகையை எடுத்துவரும் எக்ஸ்லுக்அப் கல்க்கில் 24.8 பதிப்பிலிருந்து உண்டு, ஆனால் அவரிடம் 2019 எக்செல் இருந்தால் அங்கே வேலை செய்யாது. அப்படியானவருக்குப் போகும் பைலில் அதே வேலைக்கான பழைய விலுக்அப் எழுதுங்கள், நாலாவது இடத்தில் 0 போட மறக்காமல். மறந்தால் கிட்டத்தட்டப் பொருந்தும் பெயரின் தொகையை எடுத்துவந்து வைக்கும்.