சோலரின் ‘லெட்’: தேடல் எஞ்சினுக்குள்ளேயே கணக்குப் போட்டால் கட்டுப்படியாகுமா?

தேடல் மென்பொருளான அப்பாச்சி சோலரைத் தேடல் பெட்டிக்குப் பின்னால் ஓடவிட்டிருக்கும் பலர் அதன் கணிதக் கோவை மொழியை எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். தரவை வெளியே இழுத்துப் பைத்தானில் கொட்டாமல், இன்டெக்ஸ் (தேடலுக்காக அடுக்கிவைத்த தரவு) இருக்கிற இடத்திலேயே சராசரியும் ஒட்டுறவும் (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்பது) ரெக்ரெஷனும் (ஒன்றைக் கொண்டு இன்னொன்றைக் கணிக்கும் கோடு) போட அது உதவும். ‘லெட்’ என்ற ஃபங்ஷன்தான் அதில் மாறிகளை, அதாவது மதிப்புகளைப் பெயரிட்டு வைக்கும் இடங்களை, தருகிறது. தனிக் கட்டணம் இல்லை, சோலரோடு சேர்ந்தே வருகிறது. சோலர்கிளவுட் (சோலரைப் பல சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டராக ஓடவிடும்) முறையில் ஓடும் அமைப்பு இருந்தால் போதும்.

அட்மின் பக்கத்தில் ஆவணத் தொகுப்பான கலெக்‌ஷனைத் தேர்ந்தெடுத்து ‘ஸ்ட்ரீம்’ திரையைத் திறந்தால் கோவை எழுத ஒரு பெட்டி கிடைக்கும். (கீழே உள்ளவை உச்சரிப்பின்படி எழுதியவை. பெட்டியில் ஆங்கில எழுத்திலேயே தட்ட வேண்டும்.) முதலில் சின்னதாக ஒன்று:

லெட்(ஏ=அரே(2,4,6), பி=அரே(1,3,5), சி=ஈபிஇஆட்(ஏ,பி))

இரண்டு அரேக்களும் (எண் வரிசைகள்) உறுப்புக்கு உறுப்பு கூட்டப்பட்டு விடை 3, 7, 11. மேலிருந்து கீழாகத்தான் கணக்கு ஓடும். சி-யை வரையறுக்குமுன் அதை வேறொரு மாறிக்குள் பயன்படுத்த முடியாது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் கடைசி மாறியின் மதிப்பு மட்டும் வெளியே வரும்.

மாறியின் உண்மையான அருமை தேடல் முடிவை அதில் போட்டுவைக்கும்போது தெரியும். வீட்டு விற்பனைக் கலெக்‌ஷன் ஒன்று இருக்கிறது, பரப்பளவைக் கொண்டு விலையைக் கணிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ரேண்டம்’ ஃபங்ஷனால் 5000 ஆவணங்களை மாதிரியாக எடுத்து ஏ-யில் வையுங்கள். ‘கால்’ ஒரு ஃபீல்டின் (ஆவணத்தில் உள்ள ஒரு தகவல் இனத்தின்) மதிப்புகளை அரேயாக எடுக்கும், ‘ரெக்ரெஸ்’ கோட்டைப் பொருத்தும், ‘பிரெடிக்ட்’ அதைக் கொண்டு கணிக்கும்: பி=கால்(ஏ, பரப்பு), சி=கால்(ஏ, விலை), டி=ரெக்ரெஸ்(பி, சி), இ=பிரெடிக்ட்(டி, 1000). அவ்வளவுதான். இங்கே பரப்பும் விலையும் ஒரே ஏ-யிலிருந்து வருவதைக் கவனியுங்கள். சோம்பலில் இரண்டுக்கும் தனித்தனியாக ‘ரேண்டம்’ போட்டால் இரண்டும் வெவ்வேறு 5000 வீடுகள். ஒரு வீட்டின் பரப்போடு இன்னொரு வீட்டின் விலை ஜோடி சேரும், பிழைச் செய்தி எதுவும் வராது, ஒட்டுறவு மட்டும் பூஜ்ஜியத்தை ஒட்டிப் படுத்துவிடும். மாதிரியை உறையவைப்பதுதான் இங்கே மாறியின் வேலை, பெயர் சூட்டுவது அப்புறம்.

‘ரெக்ரெஸ்’ஸில் வரிசையும் முக்கியம்: எதைக் கொண்டு கணிக்கிறோமோ அது முதலில், கணிக்க வேண்டியது இரண்டாவதாக. மாற்றிப் போட்டாலும் ஏதோ ஒரு கோடு கிடைத்துவிடும் என்பதுதான் ஆபத்து. விலையோ பரப்போ இல்லாத ஆவணங்களைத் தேடல் நிபந்தனையிலேயே வடிகட்டிவிடுங்கள்.

‘ரேண்டம்’முக்குப் பதிலாக ‘சர்ச்’ பயன்படுத்துவோர் அதிகமாக வழுக்கி விழும் இடம் எண்ணிக்கை. எத்தனை ஆவணம் என்று சொல்லாவிட்டால் அது ‘செலக்ட்’ ஹேண்ட்லர் (கோரிக்கையைக் கையாளும் பகுதி) வழியாகப் போய் 10 ஆவணங்களோடு நின்றுவிடும். லட்சம் ஆவணங்களின் சராசரி என்று நினைத்திருப்போம், கையில் இருப்பது பத்தின் சராசரி. முழுவதும் வேண்டுமென்றால் ‘எக்ஸ்போர்ட்’ ஹேண்ட்லரைக் குறிப்பிட வேண்டும். அதற்கு வரிசைப்படுத்தும் ஃபீல்டைச் சொல்லியாக வேண்டும், கேட்கும் ஃபீல்டுகளில் டாக்வேல்யூஸ் (மதிப்புகளை ஃபீல்டுவாரியாகச் சேமிக்கும் முறை) இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் முழுவதையும் இழுப்பதில் ஒரு விலை இருக்கிறது. ஸ்ட்ரீமிங் (தரவு கொஞ்சம் கொஞ்சமாக ஓடிவருவது) என்ற பெயரை நம்பிவிடாதீர்கள். ஸ்ட்ரீமை மாறிக்குள் வைத்த நொடியில் அத்தனை டியூப்பிள்களும் (விடையில் வரும் பதிவுகளும்) அந்தக் கோரிக்கை போய்ச் சேர்ந்த சர்வரின் நினைவகத்தில் வந்து உட்காரும். இரண்டு கோடி ஆவணங்களை ஏ-யில் அடைத்தால் ஹீப் (சோலருக்கு ஒதுக்கிய நினைவகம்) தாங்காது. போக்கைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் ‘டைம்சீரீஸ்’ வைத்து மாதவாரியாகத் தொகுத்த பிறகு மாறிக்குள் கொண்டுவாருங்கள். பத்து வருடத் தரவும் 120 டியூப்பிள்களாகச் சுருங்கிவிடும்.

ஃபங்ஷன் பெயர்களில் மொழி கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கிறது. தனி எண்களுக்கு ‘ஆட்’, ‘மல்ட்’. இரண்டு அரேக்களை உறுப்புக்கு உறுப்பு கூட்ட ‘ஈபிஇஆட்’. ஒரு எண்ணால் அரே முழுவதையும் பெருக்க ‘ஸ்கேலர்மல்டிப்ளை’, அதிலும் எண்தான் முதலில். பைத்தானின் கணித நூலகமான நம்பைக்குப் பழகிய கை இங்கே கூட்டல் குறியைத் தேடித் தவிக்கும். உறுப்பை எடுக்க ‘வேல்யூஅட்’, எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும்.

பிழை தேடுவதற்கு ‘எக்கோ’ ஒரு வரம். லெட்டின் தொடக்கத்தில் எக்கோவுக்கு ‘ட்ரூ’ கொடுத்தால் எல்லா மாறிகளும் கொட்டும். ஆனால் 5000 உறுப்புள்ள அரே இருந்தால் திரை நிரம்பி வழியும், எனவே ‘பி, சி’ என்று வேண்டிய பெயர்களை மட்டும் கொடுப்பது நல்லது. முடிவை ஒரு நிரலுக்கு அனுப்புவதாக இருந்தால் கடைசியில் ‘டியூப்பிள்’ ஃபங்ஷனைப் போட்டு, வேண்டிய மதிப்புகளை மட்டும் பெயரோடு அடுக்குங்கள். ஒரு எச்சரிக்கை: கோவை தோற்றாலும் எச்டிடிபி நிலை 200 (வெற்றி) என்றே வரக்கூடும். பிழை, பதிலுக்குள் ‘எக்ஸெப்ஷன்’ என்ற ஃபீல்டில் ஒளிந்திருக்கும். நிலை எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் ஏமாந்துபோகும்.

லெட் முடிந்ததும் மாறிகளும் மறைந்துவிடும். ரெக்ரெஷன் மாடலை அடுத்த கோரிக்கைக்கும் வைத்திருக்க ‘புட்கேஷ்’ உண்டு. ஒரு ஒர்க்ஸ்பேஸ் பெயர், ஒரு சாவி, பிறகு மாறி. மீட்டெடுக்க ‘கெட்கேஷ்’. வசதிதான், ஆனால் அது கிளஸ்டர் முழுக்கப் பரவாது, கோவை ஓடிய சர்வரின் நினைவகத்தில் மட்டும் இருக்கும். லோடு பேலன்சர் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) அடுத்த கோரிக்கையை வேறு சர்வருக்குத் தள்ளினால் சாவி அங்கே இருக்காது. ரீஸ்டார்ட் செய்தாலும் போச்சு. கேஷை நம்புவதானால் கோரிக்கைகளை ஒரே சர்வரின் முகவரிக்கு அனுப்புங்கள், வேலை முடிந்ததும் ‘ரிமூவ்கேஷ்’ போட்டுத் துடைத்துவிடுங்கள்.

தரவு ஏற்கெனவே சோலரில் இருந்து, தேடல் நிபந்தனையை மாற்றி மாற்றி உடனுக்குடன் எண்களைப் பார்க்க வேண்டுமென்றால் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். பல படிகள் கொண்ட மாடல் உருவாக்கத்துக்கு மாதிரியை மட்டும் இங்கே எடுத்து மிச்சத்தைப் பைத்தானில் செய்யுங்கள். லெட்டில் முப்பது மாறி தாண்டிவிட்டால் மூடாத அடைப்புக்குறி எங்கே என்று தேடியே பொழுது சாய்ந்துவிடும்.