இரண்டு ‘தி விட்சஸ்’: பெரியவர்கள் எதைப் பார்க்கலாம்?

குழந்தைகள் எழுத்தாளர் ரோல்ட் டால் 1983இல் எழுதிய ‘தி விட்சஸ்’ நாவல் இரண்டு முறை படமாகியிருக்கிறது. 1990இல் நிக்கோலஸ் ரோக் எடுத்தார், 2020இல் ராபர்ட் ஜெமெக்கிஸ் எடுத்தார். கதை ஒன்றுதான். பெற்றோரை விபத்தில் பறிகொடுத்த சிறுவன் பாட்டியிடம் வளர்கிறான். இருவரும் கடலோர ஹோட்டல் ஒன்றில் தங்கப் போகிறார்கள். அங்கே, குழந்தைகள் மேல் அக்கறை உள்ள சங்கம் என்ற போர்வையில் சூனியக்காரிகளின் மாநாடு நடக்கிறது. பையனை எலியாக மாற்றிவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம் என்ற பேச்சு இங்கே வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு, நமக்காகவே ஒன்றைப் போட்டுப் பார்ப்பதென்றால் எது?

சின்ன வயதில் இந்தக் கதையில் நம் கண் பையன் மேலேயே இருக்கும். வளர்ந்த பிறகு பாட்டியின் மேல் போய்விடுகிறது. வயதான ஒரு பெண், உடம்பும் சரியில்லை, கையில் ஒரே ஒரு பேரன். தனக்குப் பிறகு இவனுக்கு யார்? பெரியவர்களுக்கு உண்மையான பயம் இதுதான். அதனால் முதலில் பாட்டிகளை ஒப்பிடுகிறேன்.

ரோக் படத்தில் பாட்டியாக வருபவர் ஸ்வீடன் நடிகை மை செட்டர்லிங். தன் சிறுவயதுத் தோழி எரிகாவின் கதையைப் பேரனுக்குச் சொல்வார். நார்வேயில், பால் வாங்கப் பாத்திரத்தோடு போன எரிகா திரும்பவே இல்லை. கடைசியில் அவளுடைய வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஓவியத்துக்குள் இருக்கிறாள். அவள் நகர்வதை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் நிற்கும் இடம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கிறது. வருடங்கள் போகப் போக ஓவியத்துக்குள்ளேயே வயதாகிறது. ஒரு நாள் அதில் அவள் இல்லை. அந்த ஓவியத்தைத் தினமும் பார்த்துக்கொண்டே வாழ்ந்த பெற்றோரை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. செட்டர்லிங் குரலை உயர்த்தாமல், நடந்ததை நடந்தபடி சொல்கிறார். பேரனைப் பயமுறுத்தவில்லை, தேற்றவும் இல்லை. அவன் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறார். அதுதான் அவருடைய அன்பு.

ஜெமெக்கிஸ் கதையை 1960களின் அலபாமாவுக்குக் கொண்டுபோகிறார். பாட்டி ஆக்டேவியா ஸ்பென்சர். பாட்டியும் பேரனும் கறுப்பினத்தவர். ஹோட்டலுக்குப் போவதற்கு முந்தைய பகுதிதான் இந்தப் படத்தின் உயிர். சாப்பிடாமல் பேசாமல் ஒடுங்கிக் கிடக்கும் பையனை மீட்க, பாட்டி இசைத்தட்டைப் போட்டு ஆடுவார். அவன் அசைய மாட்டான். அவரும் விட மாட்டார். அப்புறம் அவர் சொல்வது முக்கியமானது: காணாமல் போனால் யாரும் பெரிதாகத் தேட மாட்டார்கள் என்று நினைக்கும் ஏழைக் குழந்தைகளைத்தான் சூனியக்காரிகள் குறிவைக்கிறார்கள். இப்படி ஒரு கனம் ரோக் படத்தில் இல்லை. ஆனால் ஹோட்டலுக்குள் நுழைந்ததும் படம் இதை மறந்துவிட்டு எலிகளின் துரத்தலுக்குப் போய்விடுகிறது. எனக்கு அது பெரிய ஏமாற்றம்.

சூனியக்காரியைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. ரோக் படத்தில் தலைமைச் சூனியக்காரியாக வரும் அஞ்சலிகா ஹூஸ்டன் தன் முகத்தைக் கழற்றும் காட்சியில் தெரிவது மணிக்கணக்கில் போட்ட ஒப்பனை. பொம்மலாட்டக் கலைஞர் ஜிம் ஹென்சனின் பட்டறையில் செய்தது. 1990 மே மாதம் காலமான ஹென்சனின் கடைசிப் பணிகளில் இந்தப் படமும் ஒன்று. அந்தத் தோலுக்கு எடை இருக்கிறது, ஈரம் இருக்கிறது. அதைவிடக் கொடுமை, மந்திரமே இல்லாத ஒரு காட்சி: கைக்குழந்தை இருக்கும் தள்ளுவண்டியைச் சரிவில் உருட்டிவிடுவார். பையன் அதன் பின்னால் ஓடியாக வேண்டும். ஜெமெக்கிஸ் படத்தில் அதே வேடத்தில் ஆன் ஹாத்வே உற்சாகமாகத்தான் நடிக்கிறார். ஆனால் காதுவரை கிழியும் அந்த வாய் கணினியில் வரைந்தது என்று தெரிந்துபோவதால் பயம் ஒட்டுவதில்லை. அவருடைய கைகளில் மூன்று விரல்களே இருப்பதாகக் காட்டியது, பிறவியிலேயே அப்படிக் கைகள் உள்ளவர்களை இழிவுபடுத்துவதாகக் கண்டனம் எழுந்து, பட நிறுவனமான வார்னர் பிரதர்ஸும் ஹாத்வேயும் மன்னிப்புக் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான்.

இனி முடிவு. நாவலில் பையன் கடைசிவரை எலியாகவே இருக்கிறான். எலி-மனிதனுக்கு ஒன்பது வருடம்போல ஆயுள் இருக்கும் என்கிறார் பாட்டி. அவருக்கு வயது 86. அவன் அழவில்லை, சந்தோஷப்படுகிறான்: பாட்டி இல்லாமல், வேறு யாரோ வளர்த்து, நீண்ட காலம் வாழ அவனுக்கு விருப்பமில்லை. குழந்தைகளுக்கான ஒரு கதை இந்த இடம்வரை போகிறது! ரோக் இங்கே பின்வாங்கிவிட்டார். நல்ல சூனியக்காரி ஒருத்தி வந்து பையனை மனிதனாக்கிவிடுகிறாள். டாலுக்கு இந்த மாற்றம் அறவே பிடிக்கவில்லை. நானும் அவர் பக்கம்தான். ஜெமெக்கிஸ் பையனை எலியாகவே விட்டதில் நாவலுக்கு நேர்மையாக இருக்கிறார். ஆனால் உடனே ஒரு சாகசக் கொண்டாட்டத்தைச் சேர்த்துவிட்டதால், அந்தச் சோகம் மனதில் இறங்க நேரமே கிடைப்பதில்லை.

ஒரு ராத்திரிதான் கிடைக்கும் என்றால் 1990 படத்தைப் பாருங்கள். முடிவுக்குச் சற்று முன்னால், சூனியக்காரியின் பணமும் முகவரிப் புத்தகமும் அடங்கிய பெட்டி பாட்டி வீட்டுக்கு வந்து சேரும். அப்போதும் பையன் எலிதான். அங்கேயே படத்தை நிறுத்திவிட்டு, பாட்டியும் பேரனும் ஆயுளைப் பற்றிப் பேசும் பகுதியை நாவலில் எடுத்துப் படியுங்கள். ஸ்பென்சருக்காக 2020 படத்தின் முதல் அரை மணி நேரத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.