ஒண்டிக்கட்டைக்கு ஒரு சிரட்டை: குக்கர் மேல் வைக்கும் புட்டுப் பாத்திரம் எப்படி?

பாத்திரம் செய்கிறவர்கள் யாரும் தனி ஆள் என்று ஒரு ஜீவன் உலகத்தில் இருப்பதை ஒத்துக்கொள்வதில்லை. குக்கர் என்றால் 5 லிட்டர், இட்லித் தட்டு என்றால் ஒரு ஈடுக்குப் பதினாறு. போகட்டும், பாத்திரத்தை மனிதன் செய்கிறான். தேங்காயைக் கடவுள் செய்தார், அதை உடைத்தாலும் இரண்டு மூடி. இந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஒரே ஒரு வயிற்றுக்கு அளவெடுத்துச் செய்ததென்றால் அது குக்கரின் ஆவிக்குழாய் மேல் உட்காரும் சிரட்டைப் புட்டுப் பாத்திரம்தான் (சிரட்டை என்றால் கொட்டாங்கச்சி). 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று நான்கு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு வந்தபோது புட்டையும் கையோடு கொண்டுவந்துவிட்டன. அதனால் குமரி மாவட்டத்தில் தனியாகக் குடியிருப்பவர் காலையில் புட்டுக்கு ஏங்குவது இயல்பு. நீளமான புட்டுக்குழலில் ஒருவருக்கு மட்டும் அவிப்பதுதான் பாடு. பாதிக் குழல் நிரப்பினால் தள்ளும்போது உதிர்கிறது. முழுக்குழல் நிரப்பினால் மத்தியானமும் அதே புட்டு, கல்லாக.

சிரட்டைப் பாத்திரத்தில் இருப்பது நான்கே உறுப்பு. சிரட்டை வடிவக் கிண்ணம், அதன் அடியில் சின்னக் குழல், உள்ளே போடும் துளைத்தட்டு, மேலே துளையிட்ட மூடி. குக்கரின் வெயிட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதன் குழலைச் செருக வேண்டும். ஆவி குழல் வழியாக ஏறி, தட்டின் துளைகளில் புகுந்து, மாவை வேகவைத்து மூடி வழியாக வெளியேறும். வெயிட் இல்லாததால் உள்ளே அழுத்தம் ஏறாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் முதலாவது கைப்பிடி. பிடியே இல்லாமல் மொழுமொழுவென்று வரும் வகை விலை குறைவு. அதைக் கவிழ்க்க இரண்டு துணி, மூன்று கை வேண்டும். வீட்டில் இருப்பது இரண்டு கை. அதனால் கறுப்புப் பேக்கலைட் பிடி வைத்ததையே எடுங்கள். இரண்டாவது, அடிக்குழல் பற்றவைத்த இடம். விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரப்போ இடைவெளியோ இருந்தால் ஆவி அங்கேயே ஒழுகிவிடும். காந்தத்தை வைத்துக் காட்டி, 'ஒட்டல பாத்தியளா, நல்ல ஸ்டீல்' என்று சொன்னால் தலையாட்டிக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம். மட்டமான 202 ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. குளச்சல், முட்டம், மணக்குடி என்று உப்புக்காற்று அடிக்கும் பக்கம் குடியிருப்பவர்கள் அதைவிட உயர்ந்த ரகமான 304 என்று முத்திரை உள்ளதைத் தேடி எடுப்பது நல்லது. 202-இல் பற்றவைத்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும்.

மூன்றாவதுதான் கொஞ்சம் மானப் பிரச்சினை. எல்லாக் குக்கரின் ஆவிக்குழாயும் ஒரே பருமன் கிடையாது. குழல் லொடலொடவென்று ஆடினாலும் கூடாது, பாதியில் சிக்கி நின்றாலும் கூடாது. எனவே கடைக்குக் குக்கர் மூடியைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கேஸ்கெட்டை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, மூடியைத் துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். எப்படிப் போட்டாலும் பிடி வெளியே நீட்டிக்கொண்டுதான் நிற்கும். மார்த்தாண்டத்திலிருந்து கோட்டாறு வருவதற்குள் பஸ்ஸில் யாராவது, "குக்கர் ரிப்பேரா?" என்று கேட்டே தீருவார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் ஒரு ஆளுக்கா, ஏன் ஒரு ஆள், என்ன வயசு என்று தக்கலை தாண்டுவதற்குள் ஒரு வரன் வந்துவிடும்.

அசல் தேங்காய்ச் சிரட்டையிலும் செய்யலாம். முற்றிய தேங்காயின் கண் உள்ள பாதியை எடுத்து, நாரைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, கண்ணைக் குடைந்து குக்கர் குழாய்க்குத் தக்க ஓட்டையாக்கினால் ஆயிற்று. மணம் ஸ்டீலில் வராது. ஆனால் நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டிப்பார்க்கும். வெயிலில் காய வைக்காமல் அலமாரியில் வைத்த சிரட்டை நான்கு நாளில் பூஞ்சை பிடிக்கும். காலையில் கழுவிக் காயப்போட்டு, மழை வந்தால் எடுத்து வைக்க வீட்டில் ஒருவர் இருப்பவர்களுக்கு உரிய பொருள் அது. நமக்கு ஸ்டீல் போதும்.

இனி அளவு. 200 மில்லி டம்ளரில் முக்கால் டம்ளர் வறுத்த புட்டுப்பொடி ஒரு சிரட்டைக்குச் சரியாக இருக்கும். கால் தேக்கரண்டி உப்பை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, தெளித்துத் தெளித்துப் பிசிற வேண்டும்; மொத்தமாகக் கவிழ்த்தால் அது கொழுக்கட்டை மாவு. சம்பா அரிசிப்பொடி இன்னும் இரண்டு கரண்டி தண்ணீர் கேட்கும். பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தொட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். மூடிவைத்துப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அதன்பிறகு கட்டி தட்டியிருந்தால் மிக்சியில் இரண்டே இரண்டு விட்டுவிட்டுச் சுற்று. மூன்றாவது சுற்றில் மாவு ஒட்டத் தொடங்கும்.

குக்கரில் இரண்டரை டம்ளர் தண்ணீர், அதாவது அரை லிட்டர். 3 லிட்டர் குக்கர் போதும். இன்டக்‌ஷன் அடுப்பென்றால் 1200 வாட்டில் கொதிக்கவிட்டு, ஆவி நேர்க்கோடாகக் கிளம்பியதும் 800-க்கு இறக்கிக்கொள்ளுங்கள். சிரட்டையில் முதலில் தட்டு, அதன்மேல் இரண்டு கரண்டி தேங்காய்த்துருவல், பிறகு மாவு, மேலே மறுபடியும் கொஞ்சம் தேங்காய். அடியில் தேங்காய் போடாவிட்டால் மாவு தட்டில் ஒட்டும், துளை வழியாகக் குக்கருக்குள்ளும் கொட்டும். மாவை அமுக்கக் கூடாது, கரண்டியால் தூவி நிரப்ப வேண்டும். மூடித் துளையில் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம். இறக்கி ஒரு நிமிடம் ஆறவிட்டுத் தட்டில் கவிழ்த்து, அடிக்குழல் வழியாக ஒரு குச்சியாலோ கரண்டிக் காம்பாலோ மெல்லத் தள்ளினால் முழுசாக இறங்கும். அந்த ஒரு நிமிடம் பொறுக்காதவர்கள் உப்புமா சாப்பிடுகிறார்கள்.

ஆவி வரவில்லை என்று வரும் புகார்களில் முக்கால்வாசி குக்கரின் குற்றம். முந்தின நாள் பருப்போ சோறோ வைத்தபோது பொங்கிய கஞ்சி ஆவிக்குழாயில் காய்ந்துகிடக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தளர்ந்த கேஸ்கெட் இன்னொரு காரணம், ஆவி பக்கவாட்டில் போய்விடும். மாவைக் கெட்டியாக அமுக்கியிருந்தால் ஆவிக்குப் போக வழியில்லாமல் பாத்திரம் மேலே எழும்பி ஆடும். ஆடத் தொடங்கினால் கையால் அழுத்திப் பிடிக்காதீர்கள், அடுப்பை அணையுங்கள்.

அடியில் கொதிக்கும் தண்ணீர் வீணாகிறதே என்று சிக்கன மூளை வேலை செய்யும். கழுவிய முட்டை ஒன்றை அதில் போடலாம், இரண்டு புட்டு அவிவதற்குள் நன்றாக வெந்திருக்கும். ஏத்தன்பழத்தை (நேந்திரம்பழம்) இரண்டாக நறுக்கித் தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி ஒரு கிண்ணத்தில் வைத்தும் அவிக்கலாம். சிறுபயறை மட்டும் அடியில் போடாதீர்கள். நுரைத்துக் குழாயை அடைக்கும், அடைக்காவிட்டால் புட்டுக்குப் பச்சைச் சாயம் ஏற்றும். கால் டம்ளர் பயறை ராத்திரியே மூன்று விசில் விட்டு வைத்துக்கொண்டால் காலையில் தாளித்தால் போதும். குழாயைக் கழுவிவிட்டுத் தூங்குங்கள்.

தேங்காய்க் கணக்குக்கு வருவோம். ஒரு சிரட்டைப் புட்டுக்கும் பயறுக்குமாக அரை மூடி தாராளம். மீதி ஒன்றரை மூடி என்ன ஆகும் என்பதுதான் தனி ஆளின் தத்துவம். கண் உள்ள மூடி சீக்கிரம் கெடும் என்பார்கள், அதை முதலில் செலவழியுங்கள். மற்றதைத் துருவி, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி ஃப்ரீசரில் போட்டால் கவலையில்லை. தொட்டுக்கொள்ள மட்டி வாழைப்பழம் வாங்கினால் இந்த இம்சையே இல்லை. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம ஊர்ப் பழம், விரல் நீளம், ஒரு சிரட்டைக்கு இரண்டு. இயற்கையும் ஒண்டிக்கட்டையை நினைத்திருக்கிறது என்பதற்கு இதுவரை கிடைத்த ஒரே சான்று.

இந்தப் பாத்திரத்துக்கு ஒரு பக்க விளைவு உண்டு: விசில் வராது. வரிசை வீட்டில் குடியிருப்பவர்களுக்கு விசில்தான் வருகைப் பதிவு. அது கேட்கவில்லை என்றால் அடுத்த வீட்டு அக்கா வாசலில் வந்து நின்று, "காலையில ஒண்ணும் வைக்கலியா மக்கா?" என்பார். பின்னாலேயே ஒரு தட்டில் தோசை வரும், அதன் பின்னாலேயே, "இப்பிடி எத்தன நாளு தனியா கெடப்ப?" என்பதும் வரும். தோசை போனாலும் சரி, கேள்வி வேண்டாம் என்றால் பயறை ராத்திரிக்குப் பதில் காலையில் வையுங்கள், மூன்று விசிலும் தெரு முழுக்கக் கேட்கும்.

இரண்டு பேருக்கு இது உதவுமா? உதவாது. ஒரு குக்கருக்கு ஒரு குழாய்தான். நிரப்பி, அவித்து, ஆறவிட்டு, தட்டைக் கழுவி மறுபடி நிரப்ப எட்டிலிருந்து பத்து நிமிடம் பிடிக்கும். வந்தவருக்கு முதல் சிரட்டையைக் கொடுத்தால் அவர் சாப்பிட, நாம் அடுப்படியில் நிற்போம். நமக்கு வெந்து வரும்போது அவர் கைகழுவியிருப்பார். சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்தால் முதல் புட்டு விறைத்துப்போகும். ஹாட்பாக்ஸில் ஈரத்துணி விரித்து வைத்தால் கால் மணி நேரம் தாங்கும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். இன்னொன்று, கவிழ்க்கும்போது துளைத்தட்டு புட்டோடு சேர்ந்தே விழும். மேலே தேங்காயைத் தூவிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பழத்தைப் பிசைந்து, பப்படத்தை நொறுக்கி, வந்தவர் முதல் வாய் எடுக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம். பரிமாறுவதற்கு முன் தட்டை எண்ணி எடுத்துவிடுங்கள்.

கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் என்றாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெளியே ஓட்டலில் முதல்முறை ஒருவரைச் சந்திக்கும்போது புட்டு சொல்லாதீர்கள். அது உள்ளங்கை வரை இறங்கிப் பிசைந்து சாப்பிடுகிற பண்டம். கரண்டியால் நாசூக்காகத் தின்றால் உதட்டில் பொடி, சிரித்தால் புரையேறும், இருமினால் எதிரே இருப்பவர் சட்டையெல்லாம் தேங்காய்ப்பூ. ஆப்பம் சொல்லுங்கள். அந்தச் சந்திப்பு அமைவதே பெரிய காரியம் என்பது வேறு விஷயம். நாகர்கோவிலில் உட்கார்ந்து டேட்டிங் செயலியில் 50 கிலோமீட்டர் வட்டம் போட்டால் பாதி கடல், மீதியில் யாரைப் பார்த்தாலும் சித்தி வழியில் ஏதோ முறை வருகிறது. இதில் 'நல்லா சமைப்பேன்' என்று போட்டுச் சிரட்டைப் புட்டுப் படத்தை மாட்டுகிறவர்கள் பக்கத்தில் பழத்தையும் வைத்து எடுங்கள். வெறும் புட்டு படத்தில் பெரிய இட்லி மாதிரிதான் விழும்.

வீட்டுக்குப் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ வருகிற அன்று பாத்திரத்தை மேல் அலமாரிக்கு ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். கூட வரும் மைனி ஒருத்தர் எப்படியும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் நுழைவார். எடுத்துப் பார்த்து, "இதுல ஒரு ஆளுக்குத்தானே வரும்?" என்று கேட்டுவிட்டால், கல்யாணமே வேண்டாம் என்று முடிவெடுத்த ஆள் என்று ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விடும். புட்டுக்குழலை முன்னால் நிறுத்தி வையுங்கள், குடும்பக்களை இருக்கும்.

பிடி வைத்த ஸ்டீல் வகைக்கு 300 ரூபாயைச் சுற்றித்தான் விலை, அந்தக் காசுக்குத் தாராளமாக வாங்கலாம். குறை என்று சொன்னால் மூடிக்குமிழின் திருகு அடிக்கடி தளரும், மாதம் ஒருமுறை முறுக்கிவிட வேண்டும். துளைத்தட்டு மிச்ச மாவோடு குப்பைக்குப் போய்விடுவது இன்னும் பெரிய தொல்லை. தட்டை மட்டும் கேட்டுப் போனால் கிடைப்பது அரிது, கடைக்காரர் சொல்வது அநேகமாக இப்படி இருக்கும்: "தட்டு தனியா வராது கேட்டியளா. இன்னொரு செட்டு எடுத்துக்கிடுங்க, பொறவு ஆளு வரும்போ ஒதவும்லா."