விளம்பரக் கணக்கை ஏஜென்சி பெயரில் விடாதீர்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. இன்னொருவர் மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்களுடையது சின்ன வியாபாரம். இந்த ஆண்டு விளம்பரத்துக்கு ஒதுக்கியதில் பாதியை ஒரு சோஷியல் மீடியா மார்க்கெட்டிங் ஏஜென்சி முன்பணமாக வாங்கிக்கொண்டது. முழுசாகப் பாதி!

வந்தவர் முதலில் கட்டணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. எங்கள் பக்கத்தைத் திறந்து, பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எந்தப் படம் எடுபடும், எது எடுபடாது என்று பொறுமையாகச் சொன்னார். சொன்னதெல்லாம் சரியாகவும் இருந்தது. அப்புறம் போனில் வேறொரு வாடிக்கையாளரின் கிராஃபைக் காட்டினார். "லைக் வாங்கித் தருவது எங்கள் வேலை இல்லைங்க, விற்பனைதான்" என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் பணம் போட்டோம்.

மாத அறிக்கை வந்தது. ரீச் (விளம்பரம் எத்தனை பேருக்குப் போனது), இம்ப்ரெஷன், ஃபாலோயர் எல்லாம் கொட்டை எழுத்தில். விற்பனை என்று ஒரு வரி கிடையாது. இம்ப்ரெஷன் என்பது விளம்பரம் திரையில் வந்த தடவைகளின் எண்ணிக்கை. ஒரே ஆளுக்குப் பத்து முறை காட்டினால் அதுவும் பத்துதான். புதிய ஃபாலோயர்களைத் திறந்து பார்த்தேன். படம் இல்லை, பதிவு இல்லை, பெயருக்குப் பின்னால் நீளமாக எண்கள். பாதிப்பேர் நாங்கள் பொருளே அனுப்பாத நாடுகளில் இருக்கிறார்கள்.

கேட்டால், "அல்காரிதம் மாறிடுச்சு." மறுபடி கேட்டால், "இப்போ பிராண்ட் அவேர்னஸ்தான், சேல்ஸ் பின்னாடி வரும்." அப்புறம், "டீமிடம் கேட்டுச் சொல்றேன்." இப்போது மெசேஜைப் படிக்கிறார், பதில் போடுவதில்லை.

"நிறைய விளம்பரம் ஓடுது" என்று அவர் சொன்ன அன்றே மெட்டாவின் ஆட் லைப்ரரியில் தேடினேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஓட்டும் விளம்பரங்களை அங்கே யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். எங்கள் பெயரில் ஒன்றே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு எவ்வளவு செலவானது, மீதி யார் பைக்குப் போனது என்று பார்க்கவும் வழியில்லை. விளம்பரக் கணக்கு அவர்கள் பெயரில் இருக்கிறது. அக்சஸ் கேட்டால் "கம்பெனி பாலிசி" என்கிறார்கள். எங்கள் பணத்தில் ஓடிய விளம்பரத்தை எப்படிப்பட்டவர்கள் கிளிக் செய்தார்கள், எது விற்றது என்ற விவரம் முழுக்க அவர்களிடம். அடுத்த ஏஜென்சியிடம் போனாலும் முதலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு ஆண்டு விளம்பரப் பணத்தில் பாதி போனதைவிட இதுதான் வயிற்றெரிச்சல்.

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் கார்டில் திறங்கள். ஏஜென்சிக்கு பார்ட்னர் அக்சஸ், அதாவது உங்கள் கணக்கில் வேலை செய்ய மட்டும் அனுமதி, போதும். அவர்கள் கட்டணத்துக்கும் விளம்பரச் செலவுக்கும் தனித்தனி பில் கேளுங்கள். ஒரு ஆர்டருக்கு எவ்வளவு செலவானது என்று சொல்லாதவர்களுக்கு அடுத்த மாதப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முன்பணமாக மொத்தமும் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பாதித் தொகையைத் திருப்பிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.