பழைய டிஎஸ்எல்ஆரா, சட்டைப்பைக் கேமராவா: நிக்கான் டி90, சோனி ஆர்எக்ஸ்100

2008இல் வந்த நிக்கான் டி90, வீடியோ பதிவு வசதி கொண்ட முதல் டிஎஸ்எல்ஆர் (லென்ஸை மாற்றக்கூடிய, கண்ணாடி வழியே காட்சியைக் காட்டும் டிஜிட்டல் கேமரா). 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100, சட்டைப்பையில் அடங்கும் உடலுக்குள் ஓர் அங்குல வகைச் சென்சாரை, அதாவது ஒளியைப் படமாக்கும் சில்லை, புகுத்தியது. முன்னது லென்ஸ் இல்லாமலேயே சுமார் 700 கிராம்; பின்னது பேட்டரியும் அட்டையும் சேர்ந்து 240 கிராம்.

டி90இன் சென்சார் பரப்பளவில் மூன்று மடங்குக்குச் சற்று மேல் பெரியது. ஆயினும், அதனுடன் விற்கப்பட்ட 18-105 மி.மீ. ஜூம் லென்ஸின் துளை எஃப்/3.5க்கு மேல் திறக்காது (எஃப் எண் சிறிதாக இருந்தால் துளை பெரிது, உள்ளே வரும் ஒளியும் அதிகம்). ஆர்எக்ஸ்100 அகலக் கோணத்தில் எஃப்/1.8 வரை திறப்பதால், கோயில் மண்டபத்தின் மங்கிய ஒளியில் பெரிய சென்சாரின் அனுகூலம் ஏறக்குறையக் கரைந்துபோகிறது. ஜூம் செய்தால் நிலைமை மாறும்: ஜூமின் கடைசி முனையில் சோனியின் துளை எஃப்/4.9 ஆகச் சுருங்கிவிடுகிறது. டி90இல் ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை மாட்டினால் ஒப்பீடே வேறு. டி90இன் உடலுக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால், சொந்த மோட்டார் இல்லாத, மலிவாகக் கிடைக்கும் பழைய நிக்கான் ஏஎஃப்-டி வகை லென்ஸ்களும் தானாக ஃபோகஸ் செய்யும்.

உச்சி வெயிலில் ஆர்எக்ஸ்100இன் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் அதில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. டி90இலோ கண்ணை வைத்தால் போதும். பேட்டரியும் அப்படித்தான்: நிறுவனங்களின் கணக்குப்படி ஒரு முறை சார்ஜ் செய்தால் டி90இல் 850 படங்கள், ஆர்எக்ஸ்100இல் 330.

திருமணம் போன்ற நாள் முழுதும் நீளும் வேலைக்கு நான் டி90ஐயே எடுப்பேன். பேருந்துப் பயணத்துக்கு, தயக்கமின்றிச் சோனியை.