பார் ஓரத் தூண்டிலுக்குப் பத்தடி கயாக்: வாங்கலாமா?

மேலே உட்கார்ந்து ஓட்டும் பத்தடி பிளாஸ்டிக் கயாக் (சிறு துடுப்புப் படகு), ராமநாதபுரக் கடலில் பார் (கடலடிப் பாறைத்திட்டு) ஓரத் தூண்டிலுக்கு நன்றாகவே உதவும். அலை அடித்து ஏறும் தண்ணீர் அடித்துளைகள் வழியே தானே வடியும். கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறலாம். பலவீனம் சாமான் மூடியின் ரப்பர்தான். உப்பிலும் வெயிலிலும் அது கெட்டிப்பட்டால் உள்கூட்டில் நீர் சேர்ந்து கயாக் தள்ளாடும். கடலுக்குப் போகுமுன் ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுங்கள்.

மடக்கு நங்கூரத்தைக் கரையிலேயே விடுங்கள். பவளத்தை உடைக்கும். பக்கவாட்டில் கட்டியது பாறையில் மாட்டிக்கொண்டால், நீரோட்டம் இழுத்துக் கவிழ்த்துவிடும். பாரின் விளிம்பை ஒட்டி மிதந்தபடி தூண்டில் போடுவதே சரி. 30 பவுண்டு இழுவை தாங்கும் பின்னல் நரம்பு, முனையில் 40 பவுண்டு தாங்கும் தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு). கலவா மீன் கடித்ததும் பொந்துக்குள் பாயும். டிராக்கை (நரம்புச் சுருளின் பிரேக்கை) முன்பே இறுக்கி, முதல் இழுப்பிலேயே மேலே தூக்க வேண்டும்.

மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டி மீன்பிடிக்கக் கூடாது. எல்லையை வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்கட்டும், துடுப்பு கயிற்றில் இருக்கட்டும்.

கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணை) கரையோரம் அமைதியாகத் தெரியும். அதை நம்பாதீர்கள்: அந்தக் காற்று கரையிலிருந்து வெளியே தள்ளும், திரும்பும்போது எதிர்காற்றில் துடுப்புப் போட வேண்டியிருக்கும்.